வௌவால் கடித்த பலாவும் நாய் கடித்த காலும்

கேள்வி: பண்ருட்டி பக்கம் எங்களுக்குப் பலாத்தோப்பு இருக்கிறது. ராத்திரியானால் வௌவால்கள் வந்து பழத்தைக் குதறிவிட்டுப் போகின்றன. வௌவாலிடமிருந்து தொற்றும் நிபா வைரஸ் காய்ச்சல் பயத்தில் மருமகள் பிள்ளைகளுக்குத் தோப்புப் பழமே கொடுப்பதில்லை. வௌவால் அடையும் ஆலமரத்தை வெட்டிவிடலாமா? மகன் வேலையாகக் கோழிக்கோடு போய் வருகிறான், அதனால் ஆபத்து உண்டா? போன வாரம் தோப்பு நாய் வேறு கெண்டைக்காலில் பல் பதித்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன், ஆறி வருகிறது.

பதில்: அம்மா, நிபா இருக்கட்டும். போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த நாய்க்கடிக்குத்தான் முதல் பதில். இன்றே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். புண் ஆறுவதற்கும் ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய்க்கும் சம்பந்தமே இல்லை. அந்த வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும். வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். அந்த அவகாசத்தில்தான் தடுப்பூசி வேலை செய்கிறது. தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்துவிட்டால் எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. நிபா வந்தவர்களில் பிழைப்பவர்கள் உண்டு; ரேபிஸ் முற்றியவர் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

மஞ்சளைக் கழுவி எடுத்துவிடுங்கள். கடித்த உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போதாவது கழுவுங்கள். ஊசி முதல் நாள், அதன்பின் 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள், இலவசம்தான். ரத்தம் வந்த கடி என்றால் அதைச் சொல்லுங்கள். வைரஸை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைப் புண்ணைச் சுற்றிப் போடவும் தேவைப்படும். 'நம்ம வீட்டு நாய்தானே' என்று காத்திருக்க வேண்டாம். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைப் பத்து நாள் கவனியுங்கள்.

இனி வௌவால். மரத்தை வெட்டாதீர்கள், வெடியும் போடாதீர்கள். விரட்டினால் கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் போகும், அவ்வளவுதான். பல்லோ நகமோ பட்ட பழத்தைக் கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள். நல்ல பகுதியை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்வது, மிச்சத்தை மாட்டுக்குப் போடுவது இரண்டும் வேண்டாம். 1998இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் நிபா நுழைந்தது வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் வழியாக என்றுதான் கருதுகிறார்கள். அங்கே நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தோல் முழுசாக இருக்கும் பலாவைக் கழுவி அறுத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வங்கதேசத்தில் நிபா வருவது பெரும்பாலும் பச்சையாகக் குடிக்கும் ஈச்சஞ்சாற்றால். ராத்திரி பானையில் வௌவால் நக்கிவிடுகிறது, சிறுநீரும் கழித்துவிடுகிறது. புதுச்சேரிப் பக்கம் கள்ளுக்குப் போகிறவர் வீட்டில் யாரும் இருந்தால், மூடாத பானைச் சரக்கை அவர் தொடாமல் இருப்பது நல்லது.

மகனைப் பற்றி: 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் பகுதியில் 17 பேர் நிபாவில் இறந்தார்கள். நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் அதில் ஒருவர். பெரும்பாலானவர்களுக்கு அது தொற்றியது மருத்துவமனையிலும் நோயாளியின் படுக்கையருகிலும்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததால் தட்டம்மை மாதிரிப் பரவும் நோய் இல்லை. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மாஹே புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் கோழிக்கோட்டில் ஒருவருக்கு வந்தாலும் இங்கே வாட்ஸ்அப் கொதிக்கிறது. அதை வைத்து மகனின் வேலையை நிறுத்த வேண்டாம். அங்கே நிபா இருப்பதாக அரசு அறிவித்திருக்கும் சமயத்தில் போய்வந்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல், பேச்சில் குழப்பம் ஏதாவது வந்தால், முதலில் அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டு, முகக்கவசத்தோடு மருத்துவமனைக்குப் போகட்டும். காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்பே, கோழிக்கோட்டிலிருந்து வந்தேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.