மலையகத்தில் காணியும் வாடகை வீடும்: உறுதி எழுதும் ஒருவரின் பதில்கள்

பண்டாரவளையில் 21 ஆண்டுகளாக, காணிப் பத்திரங்களை எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசாகத் தொழில் செய்கிறேன். சொந்தமாக இரண்டு சிறிய வீடுகளை வாடகைக்குக் கொடுத்தும் இருக்கிறேன். காணி வாங்கி விற்பது, வாடகை வீட்டில் பணம் போடுவது ஆகியவை பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்து, கொழும்பிலோ வளைகுடாவிலோ உழைத்துச் சேர்த்த பணத்தோடு, குடும்பத்திலேயே முதல் ஆளாகத் தன் பெயரில் ஓர் உறுதி (காணி உரிமைப் பத்திரம்) எழுதிக்கொள்ள வருகிறவர்களையே நான் அதிகம் சந்திக்கிறேன். அந்தப் பணம் ஒரு தடவை போனால் இன்னொரு தடவை சேராது என்பதை மனதில் வைத்தே ஒவ்வொரு பதிலையும் எழுதியிருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து: அக்கா, அமெரிக்காவில் "ஹோல்சேலிங்" என்ற முறையில் கையில் பணம் இல்லாமலே வீடுகளைக் கைமாற்றி இலாபம் எடுக்கிறார்கள். அதை இங்கே செய்ய முடியுமா?

அங்கே நடப்பது இதுதான். விற்க அவசரப்படும் ஒருவரோடு குறைந்த விலைக்கு வாங்கும் ஒப்பந்தம் செய்கிறார்கள். வீட்டை வாங்காமலே அந்த ஒப்பந்தத்தின் உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்து, இடையில் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தை அங்கே சாதாரண எழுத்திலேயே செய்துகொள்ள முடிகிறது. நமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிய "அக்ரிமெண்ட்" எதுவாயினும் அதைக் கொண்டு காணியைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. ஆகவே இங்கே இந்த வேலையைச் செய்வதானால் நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை எழுதி, முற்பணம் கொடுத்து, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, அதன் பிறகே அடுத்தவரைத் தேட வேண்டியிருக்கும். கையில் பணம் இல்லாமல் என்ற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. குறித்த நாளுக்குள் வாங்குபவர் கிடைக்காவிட்டால், உடன்படிக்கையில் உள்ளபடி உங்கள் முற்பணமும் போகலாம்.

நான் சொல்லக்கூடியது, தரகராகத் தொடங்குங்கள் என்பதே. காணிக்காரரிடம் நீங்கள் தரகர் என்பதையும், எவ்வளவு தரகுப் பணம் எடுக்கிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். கணவரை இழந்த ஒரு தாய் தன் பத்துப் பேர்ச்சஸ் காணியை 20 இலட்சத்துக்கு விற்றுவிட்டு, அதே மாதத்தில் அது 34 இலட்சத்துக்குக் கைமாறியதை அறிந்து என் அலுவலகத்தில் வந்து அழுதார். சட்டப்படி அதில் குறை காண முடியவில்லை. இருந்தாலும், அவருக்கு விலை தெரியாது என்பதையே முதலாக வைத்துச் செய்த வியாபாரம் அது. அப்படிச் சம்பாதிக்க எவருக்கும் நான் வழி சொல்ல மாட்டேன்.

தலவாக்கலையிலிருந்து: தோட்டத்தில் ஒருவர் தன் லயன் வீட்டையும் அதை ஒட்டிய மரக்கறித் தோட்டத்தையும் 4 இலட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். எழுதியும் தருவாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பெருந்தோட்டங்களில் பெரும்பாலானவை அரசுடைமையாகின. 1992 தொடக்கம் அவற்றை நடத்துகின்ற பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகள்கூட நீண்டகாலக் குத்தகைக்காரர்களே. கம்பனியாலேயே விற்க முடியாத நிலத்தை, அதில் குடியிருக்கும் தொழிலாளி எவ்வாறு விற்பார்? அவர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நான்கு தலைமுறையாக வாழ்ந்த அறை தனது என்றே அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த நியாயம் இன்னும் உறுதியாக எழுதப்படவில்லை. தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியோடு உறுதி பெற்றவர்களிடம் வாங்குவதானாலும், அந்தப் பத்திரத்தில் விற்பதற்குத் தடை விதிக்கும் நிபந்தனை இருக்கிறதா என்று வரிவரியாகப் படித்த பின்பே பேச்சைத் தொடங்குங்கள்.

கம்பளையிலிருந்து: உறுதி கையில் இருக்கிறது, விற்பவரின் பெயரும் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். உறுதி என்பது விற்பவர் கொண்டுவந்து காட்டும் ஒரு தாள் மாத்திரமே. அதற்குப் பிறகு அந்தக் காணிக்கு என்ன நடந்தது என்பது காணிப் பதிவகத்தில், அக்காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தில் இருக்கிறது. வங்கி ஈடு (அடமானம்), நீதிமன்றத் தடை, முன்னரே இன்னொருவருக்கு எழுதிய உடன்படிக்கை ஆகியவை அங்கேதான் தெரியவரும். குறைந்தது 30 ஆண்டுகள் பின்னோக்கித் தேடுவது எங்கள் தொழிலின் வழக்கம். தேடும்போது நான் ஒரு தாளில் மரம் போல வரைந்துகொள்வேன்: யார் யாருக்கு எழுதினார், எந்த ஆண்டில், எத்தனை பேர்ச்சஸ், எந்தப் பங்கு என்று. அண்மையில் பார்த்த ஒரு தேடலில், தகப்பன் இறந்தபோது ஐந்து பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள்; விற்பனை உறுதியில் மூவரின் கையெழுத்தே இருந்தது. மற்ற இருவரின் பங்கு இன்னும் அவர்களுடையதே. வாங்கியவர் முழுக்காணிக்கும் விலை கொடுத்து ஐந்தில் மூன்று பங்கை வாங்கியிருக்கிறார். அதைச் சரிசெய்ய பங்காளிகளிடையே காணியைப் பிரிப்பதற்கான 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுபடும்.

கண்டிப் பகுதியில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. விற்பவர் கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட சிங்களக் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்து, காணி அவருக்கு நன்கொடை உறுதியால் வந்திருந்தால், 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கண்டியச் சட்டப் பிரகடனத் திருத்தக் கட்டளைச் சட்டத்தின்படி, சில விலக்குகள் தவிர, கொடுத்தவர் தன் வாழ்நாளில் அந்த நன்கொடையை ரத்துச் செய்ய முடியும். ரத்துச் செய்யும் உரிமையை அவர் உறுதியிலேயே துறந்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், கொடுத்த தாயோ தகப்பனோ உயிரோடிருக்கும்போது அவரும் விற்பனை உறுதியில் கையெழுத்திடட்டும். இதைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

எழுதிய உறுதியைப் பதியாமல் அலுமாரியில் வைத்திருப்பவர்களையும் பார்க்கிறேன். உங்களுக்குப் பின் அதே காணியைப் பெறுமதி கொடுத்து, மோசடியின்றி வாங்கியவர் முந்திப் பதிந்துவிட்டால், சட்டம் அவருக்கே முன்னுரிமை கொடுக்கும்.

ஹாலிஎலவிலிருந்து: பிரதேச செயலகத்தால் கொடுக்கப்பட்ட ஜயபூமிக் காணி மலிவாக வருகிறது. நல்லதா?

அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணி அளிப்பு. முற்கூட்டிய எழுத்து மூலமான அனுமதியில்லாமல் செய்த விற்பனை செல்லாது. விலை மலிவாக இருப்பதன் காரணமும் அதுதான். அனுமதி முதலில் கைக்கு வரட்டும், பணம் பிறகு போகட்டும்.

பதுளையிலிருந்து: மண்சரிவுக்குப் பயந்து மலைச்சரிவில் வாங்கவே வேண்டாம் என்கிறார் அப்பா. மலைநாட்டில் சரிவில்லாத காணிக்கு எங்கே போவது, மேடம்?

உங்கள் அப்பாவின் பயத்தை நான் மதிக்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் எவரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் நடந்தது இன்னும் ஆறாத காயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை வைத்திருக்கிறது; நமது மாவட்டங்களில் கட்டட வரைபடத்துக்கு அனுமதி கேட்கும்போது அந்த நிறுவனத்தின் அறிக்கையை உள்ளூராட்சி மன்றம் கேட்கும். வாங்கிய பின் கட்டுவதற்காக எடுக்கும் அந்த அறிக்கையை வாங்குவதற்கு முன்னரே எடுங்கள். அதற்குச் செலவாகும் தொகை, உறுதிச் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

காணியைப் பார்க்க மழைநாளில் போங்கள். நான் 2009இல் வாங்கிய முதல் வீட்டை வெயில் நாளில் பார்த்தேன். பின்புறத்தில் ஒன்பது அடி உயரத்தில் கல் அணைசுவர், சுண்ணாம்பு பூசி அழகாக இருந்தது. ஒக்டோபர் மழை தொடங்கி இரண்டாவது வாரத்தில் அந்தச் சுவர் நடுவில் கர்ப்பிணியின் வயிறு போல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. சுவரில் தண்ணீர் வெளியேறும் துளை ஒன்றுகூட இல்லை. பூச்சு அதை மறைத்திருந்தது. குடியிருந்த ஆசிரியர் குடும்பத்தை அன்றிரவே என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சுவரை இடித்துக் கட்ட இரண்டு வருட வாடகைக்கு மேல் போனது. அன்று முதல் நான் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன்: கீழே துளைகள் உண்டா, அவற்றில் மழைக்குப் பின் தெளிந்த தண்ணீர் வருகிறதா, சேற்றுத் தண்ணீர் வருகிறதா, மேலே உள்ள மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, தரையில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிறதா என்று. மேல்காணிக்காரரின் கழிவுநீர்க் குழி எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

கொட்டகலையிலிருந்து: 1 கோடி 20 இலட்சத்துக்கு ஒரு வீடு. வாடகை 45,000 வருமாம். பாதிப் பணம் வங்கிக் கடன். இலாபமா?

கணக்கைச் சேர்ந்தே போடுவோம். கைமாற்றத்துக்கான முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். ஆகவே 4,79,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம், அளவைச் செலவு எல்லாம் சேர்த்து, வீடு உங்கள் கைக்கு வரும்போது ஏறக்குறைய 1 கோடி 26 இலட்சம் ஆகியிருக்கும். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்தால் வாடகை 4,95,000. கூரைத் தகரம், பூஞ்சணம் பிடித்த சுவருக்குப் பூச்சு, சோலைவரி என்று 70,000 கழியுங்கள். மிஞ்சும் 4,25,000, போட்ட பணத்தில் 3.4 சதவீதம்கூட இல்லை. மறுபக்கம், 60 இலட்சம் கடனை 12 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 72,000. ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்து குறைந்தது 27,000 ரூபாய் போக வேண்டும். இந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன்.

அதே ஊரில் கல்வியியற் கல்லூரிக்கோ வைத்தியசாலைக்கோ நடந்து போகும் தூரத்தில், தனி வாசலும் தனி மின்மானியும் உள்ள நான்கு அறைகளாகக் கொடுக்கக்கூடிய பழைய வீடொன்று குறைந்த விலைக்கு வந்தால், கணக்கு மாறும். இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்களும் தாதியரும் வங்கி ஊழியர்களும் நல்ல குடியிருப்பாளர்கள். அவர்கள் தேடுவது வெந்நீர், காய்ந்த சுவர், பஸ் போகும் வீதி.

வெலிமடையிலிருந்து: பத்து வருடம் குடியிருந்தால் வீடு வாடகைக்காரருக்குச் சொந்தமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் சொல்லும் பத்து வருடம், உரிமையாளருக்கு எதிரான ஆட்சிக்கு, அதாவது அவருடைய உரிமையை ஏற்காமல் காணியை வைத்திருப்பதற்கு, உரியது; உங்கள் அனுமதியோடு வாடகை கொடுத்து இருப்பவருக்கு அது பொருந்தாது. ஆனால் உடன்படிக்கையும் இல்லாமல், பற்றுச்சீட்டும் இல்லாமல், வாடகையும் வாங்காமல் பல வருடம் விட்டுவிட்டால், அவர் உங்கள் அனுமதியில்தான் இருந்தார் என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கும்? 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு முன் எழுதிய குத்தகைக்கு விட்ட இடத்தை விரைவான நடைமுறையில் திரும்பப் பெற வழி தருகிறது. வெள்ளைத்தாள் உடன்படிக்கைக்கு அந்த வசதி இல்லை. பழைய வீடாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பொருந்துகிறதா என்பதையும், ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டை வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவிலிருந்து: நான் ஹட்டனில் பிறந்தவன், இப்போது கனேடியக் குடியுரிமை மட்டுமே உண்டு. ஊரில் வீடு வாங்கலாமா?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் நம் ஊரில் அப்படி எத்தனை இருக்கின்றன? இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டு வாங்குங்கள். உறவினர் பெயரில் வாங்கி வைப்பதை நான் ஆதரிப்பதில்லை; உறுதியில் பெயர் உள்ளவரே உரிமையாளர். அவர் நல்லவராகவே இருந்தாலும், அவருடைய கடன்காரரும் வாரிசுகளும் உங்களை அறிய மாட்டார்கள்.

பசறையிலிருந்து: கையில் 15 இலட்சம் இருக்கிறது, தங்கச்சியின் பங்கும் அதில் உண்டு. எங்கிருந்து தொடங்குவது?

முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். பதுளை நகருக்குப் பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் வரும் இடங்களில் விற்பனைக்குள்ள பத்துக் காணிகளையாவது பாருங்கள். கேட்ட விலை, வீதி அகலம், தண்ணீர், உறுதியின் வகை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்தாவது காணியைப் பார்க்கும்போது விலை கூடவா குறைவா என்று நீங்களே சொல்வீர்கள். பிடித்த ஒன்றின் உறுதிப் பிரதியையும் அளவைப் படத்தின் பிரதியையும் வாங்கிக்கொண்டு, விற்பவர் காட்டும் நொத்தாரிசிடம் அல்லாமல் நீங்களே தேர்ந்த ஒருவரிடம் போய்ப் பதிவகத் தேடல் செய்யச் சொல்லுங்கள். அளவையாளரை அழைத்து எல்லைக் கற்களைக் காட்டச் சொல்லுங்கள். 15 இலட்சத்தில் 12 இலட்சத்துக்கு மேல் காணிக்குப் போடாமல், மீதியை உறுதிக்கும் வேலிக்கும் வைத்திருங்கள். தங்கச்சியின் பணம் இருப்பதால் உறுதியில் அவருடைய பெயரும், அவருடைய பங்கின் அளவும் எழுதப்படட்டும். அதை முதல் நாளிலேயே நொத்தாரிசிடம் சொல்லிவிடுங்கள்.