கமகம் உடையாமல் சுருதியைத் திருத்துவது எப்படி?

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கற்றவள். திரைப்பாடல்களை வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து யூடியூபில் போடுகிறேன். கரோக்கி டிராக்குடன் பாடும்போது நீண்ட கார்வைகளின் (ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் இடங்களின்) முடிவில் சுருதி லேசாக இறங்கிவிடுகிறது. மிக்ஸிங் செய்பவர், சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருளைப் போட்டுத் தந்தார். சுருதி சேர்ந்துவிட்டது, ஆனால் கமகங்கள் (ஸ்வரங்களுக்குக் கொடுக்கும் அசைவுகள்) படிப்படியாக உடைந்து ரோபோ பாடுவதுபோல் கேட்கிறது. எந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்த வேண்டும்? இப்படித் திருத்துவது ஏமாற்று வேலைதானா? — ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் கமகத்தில் குறையில்லை, மென்பொருளிலும் இல்லை. முழுப் பாட்டுக்கும் தானியங்கித் திருத்தத்தைப் போட்டதில்தான் சிக்கல். உங்களுடையது போன்ற குரலுக்குத் தானியங்கி முறையை அணைத்துவிட்டு, விலகிய ஸ்வரங்களை மட்டும் கையால் திருத்த வேண்டும். ஏன் என்று தெரிந்தால் மிக்ஸிங் செய்பவரிடம் சரியாகக் கேட்டு வாங்கலாம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஆட்டோ-டியூனை உருவாக்கியவர் ஆண்டி ஹில்டபிராண்ட். அதற்கு முன் அவர் எண்ணெய்த் துறையில் இருந்தவர். பூமிக்குள் அதிர்வலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலைகளை ஆராய்ந்து, அடியில் எண்ணெய் இருக்கக்கூடிய அடுக்குகளைக் கண்டுபிடிக்கும் வேலை. அங்கே பழகிய கணிதத்தைத்தான் குரலுக்குக் கொண்டுவந்தார். ஓர் அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் செய்கிறது என்று கணக்கிட்டால் சுருதி கிடைத்துவிடும். 1997-இல் ஆட்டோ-டியூன் விற்பனைக்கு வந்தது. நீங்கள் பாடும் சுருதியைக் கண்டுபிடிப்பது, அனுமதித்த ஸ்வரங்களில் எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பது, குரலை அங்கே இழுப்பது, இவ்வளவுதான் அதன் வேலை.

எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது 'ரீட்யூன் ஸ்பீடு' என்ற குமிழ். அது மில்லி விநாடிக் கணக்கு. பூஜ்யத்தில் வைத்தால் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லாமல் குதிக்கும். 1998-இல் அமெரிக்கப் பாடகி செர் பாடிய 'பிலீவ்' பாட்டில் உலகமே கேட்டது இந்தக் குதிப்பைத்தான். அதன் தயாரிப்பாளர்கள் அது வேறொரு கருவியின் வேலை என்றே முதலில் சொல்லிவந்தார்கள். பிறகு அமெரிக்கப் பாடகர் டி-பெய்ன் அதைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். அந்த ஒலி வேண்டுமென்று செய்யப்பட்டது. உங்கள் பாட்டில் வேண்டாமலே வந்துவிட்டது.

இப்போது கமகத்துக்கு வருவோம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே இருக்கும். நேராக நிறுத்திப் பாடினால் தோடியே வராது. அப்படி ஓர் அசைவு நொடிக்கு ஐந்தாறு முறை வந்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 170 முதல் 200 மில்லி விநாடி ஆகும். மேலே போக அதில் பாதி, கீழே வர மீதி. ரீட்யூன் ஸ்பீடு 20-இல் இருந்தால் அந்தப் பாதி அசைவுக்குள்ளேயே குரலைப் பிடித்து, பக்கத்து ஸ்வரத்தில் நிறுத்தி, உடனே விட்டுவிட்டு இன்னொன்றில் பிடிக்க மென்பொருளுக்கு நேரம் இருக்கிறது. வளைவாக இருந்தது மாடிப்படியாகிவிடுகிறது. நீங்கள் கேட்ட 'படிப்படியாக உடைவது' அப்படியே இதுதான். மேற்கத்திய பாப் பாட்டில் ஸ்வரங்கள் பெரும்பாலும் நின்று ஒலிப்பதால், அதே 20 அங்கே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இந்த உடைவை விரும்பி ஏற்றுக்கொண்ட இடமும் உண்டு. அல்ஜீரியாவின் ராய் இசையிலும் மொராக்கோவின் பெர்பெர் இசையிலும் குரல் வழுக்கி வழுக்கித்தான் போகும். அங்குள்ள பாடகர்கள் ஆட்டோ-டியூனை முழு வேகத்தில் வைத்து, ஒவ்வொரு வழுக்கலும் பளபளவென்று சிதறும்படி பாடுகிறார்கள். கேட்க அழகாகவே இருக்கும். நீங்கள் தேடுவது அது இல்லை என்பதால் இத்துடன் விடுகிறேன்.

அடுத்த விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை: ஸ்கேல். எந்த ஸ்வரங்களை அனுமதிக்கலாம் என்று மென்பொருளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆறு கட்டையில் கீரவாணி ராகத்தில் ஒரு பாட்டு என்று வையுங்கள். ஆறு கட்டை என்றால் ஷட்ஜம் கீபோர்டின் 'ஏ'. அவசரத்தில் 'ஏ மைனர்' என்று போட்டுவிடுவார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் மைனர் என்று மட்டும் இருப்பது பொதுவாக நம் நடபைரவி ராகம். அதில் இருப்பது கைசிகி நிஷாதம் (தணிந்த 'நி'). கீரவாணிக்கு வேண்டியது காகலி நிஷாதம் (உயர்ந்த 'நி'). நீங்கள் சரியாகப் பாடிய காகலி நிஷாதத்தை மென்பொருள் பிழை என்று நினைத்து, ஒருமுறை கீழே கைசிகிக்கும் மறுமுறை மேலே ஷட்ஜத்துக்கும் இழுக்கும். இரண்டும் சம தூரத்தில் இருப்பதால் எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீரவாணிக்கு 'ஹார்மோனிக் மைனர்', சங்கராபரணத்துக்கு 'மேஜர்', கல்யாணிக்கு 'லிடியன்', கரகரப்பிரியாவுக்கு 'டோரியன்' என்று போடலாம். மாயாமாளவகௌளை போன்றவை பட்டியலில் இல்லையென்றால், பன்னிரண்டு ஸ்வரங்களும் உள்ள 'குரோமேட்டிக்'கை எடுத்து, ராகத்தில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக அணைத்துவிடுங்கள். நடுவில் ராகத்தில் இல்லாத அந்நிய ஸ்வரம் வரும் திரைப்பாட்டு என்றால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் அமைப்பை மாற்ற வேண்டும்.

கரோக்கி டிராக் பழைய பாட்டிலிருந்து எடுத்ததாக இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். டேப்பில் பதிவான பாடல்கள் பல, இன்றைய கீபோர்டின் 440 ஹெர்ட்ஸ் அளவோடு அச்சாகப் பொருந்துவதில்லை. டிராக் கொஞ்சம் தணிந்து நிற்கும்போது மென்பொருள் உங்கள் குரலை மட்டும் 440-க்கு உயர்த்தினால், திருத்தியதே அபஸ்வரமாகக் கேட்கும். டிராக்கின் சுருதியை ட்யூனரில் பார்த்து, அதே அளவை மென்பொருளிலும் கொடுங்கள்.

தம்புராவோடு மட்டும் பாடும் பதிவு என்றால் தானியங்கித் திருத்தத்தை அறவே தவிருங்கள். தம்புராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் இருக்கிறது. கீபோர்டின் காந்தாரம் 400. அரை ஸ்வரம் என்பது 100 சென்ட் என்றால் 14 சென்ட் சின்ன வித்தியாசம்தான். ஆனாலும் தம்புரா பின்னால் ஒலிக்கும்போது பழகிய காதுக்கு அந்த 14 உறுத்தும். பியானோ, கிட்டார் கார்டுகள் உள்ள திரைப்பாட்டில் இந்தப் பிரச்சினை இல்லை.

சரி, கையால் திருத்துவது எப்படி? இதற்கு நான் பரிந்துரைப்பது மெலோடைன். ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கும் செலமோனி நிறுவனத்துடையது. பாடியதை அது உருண்டை உருண்டையாகத் திரையில் காட்டும். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதுதான் குரல் உண்மையில் போன பாதை. உங்களுக்கு முக்கியமான விஷயம், இந்த மென்பொருள் சுருதியை மூன்றாகப் பிரித்து வைத்திருப்பது: ஸ்வரத்தின் நடுப்புள்ளி, அதைச் சுற்றிய வேகமான அசைவு, மெதுவாக ஏறி இறங்கும் விலகல். மூன்றுக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. கார்வையின் முடிவில் இறங்கும் உங்கள் பிரச்சினை மூன்றாவது வகை. அந்த உருண்டையை மட்டும் தேர்ந்து, 'பிட்ச் டிரிஃப்ட்' கருவியால் கொஞ்சம் நேராக்குங்கள். இறக்கம் குறையும், மேலே இருக்கும் அசைவு அப்படியே இருக்கும். முழுக்க நேராக்க வேண்டியதில்லை. பாதி போதும்.

கமகம் உள்ள இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரே காந்தாரத்தை மென்பொருள் மூன்று நான்கு உருண்டைகளாக வெட்டி வைத்திருக்கும். அப்படியே விட்டு ஒவ்வொன்றையும் பக்கத்து ஸ்வரத்தின் கோட்டுக்குக் கொண்டுபோனால் மறுபடியும் மாடிப்படிதான். முதலில் நடுவில் உள்ள வெட்டுகளை நீக்கி ஒரே உருண்டையாகச் சேருங்கள். பிறகு அந்தப் பிரயோகம் மொத்தமும் தணிந்திருந்தால், மொத்தத்தையும் பத்துப் பதினைந்து சென்ட் மேலே நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் வளைவைத் தொடாதீர்கள். பிருகா (மிக வேகமாக உருளும் ஸ்வர வரிசை) சரியாக விழவில்லை என்றால் திருத்த உட்காராமல் அந்த வரியைத் திரும்பப் பாடிவிடுவதே மேல், நேரமும் மிச்சம்.

எதைத் திருத்துவது என்பதைக் கண்ணிடம் விடாதீர்கள். திரையில் கோடு விலகியிருப்பதைப் பார்த்தாலே கை நகர்த்தத் துடிக்கும். அதனால் முதலில் திரையை அணைத்துவிட்டுப் பாட்டை முழுதாகக் கேளுங்கள். காதுக்கு உறுத்திய இடங்களை மட்டும் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அப்புறம் மென்பொருளைத் திறங்கள்.

மெலோடைனை வாங்குவதாக இருந்தால் 'எசென்ஷியல்' என்ற மலிவுப் பதிப்பில் நான் சொன்ன தனிக் கருவிகள் கிடையாது. 'அசிஸ்டன்ட்' பதிப்பிலிருந்துதான் உண்டு. பணம் செலவழிக்க வேண்டாம் என்றால், உங்கள் பதிவு மென்பொருளில் இருப்பதைப் பாருங்கள்: லாஜிக் ப்ரோ வைத்திருந்தால் அதிலேயே ஃப்ளெக்ஸ் பிட்ச் இருக்கிறது, கியூபேஸ் ப்ரோவில் வேரிஆடியோ, ரீப்பரில் ரியாட்யூன் (ReaTune) என்ற ப்ளக்-இன். கடைசியாகச் சொன்னதில் கையால் கோடு வரையும் வசதியும் உண்டு. ஆட்டோ-டியூன்தான் கையில் இருக்கிறது என்றால், அதன் ப்ரோ பதிப்பிலும் வரைபட முறை இருக்கிறது. தானியங்கி முறையையே பயன்படுத்தியாக வேண்டுமானால் ரீட்யூன் ஸ்பீடை 100-க்கு மேல் வைத்து, 'ஃப்ளெக்ஸ்-டியூன்' குமிழையும் ஏற்றுங்கள். ஸ்வரத்துக்கு வெகு அருகில் வரும்போது மட்டும் இழுக்கும், இடைவெளியில் நடக்கும் அசைவுகளை விட்டுவிடும்.

ஆனால் இத்தனைக்கும் முன்னால், சுருதி ஏன் இறங்குகிறது என்று பாருங்கள். வீட்டுப் பதிவில் நான் அடிக்கடி காணும் காரணம் ஹெட்போன். டிராக்கைச் சத்தமாக வைத்துக்கொண்டு பாடும்போது சொந்தக் குரல் அதில் புதைந்துபோகிறது, கத்தியாவது கேட்க வேண்டியிருக்கிறது, மூச்சு சீக்கிரம் தீர்ந்து கார்வையின் வால் தொங்கிவிடுகிறது. சத்தத்தைக் குறையுங்கள். ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து, மறு காதைத் திறந்து விட்டுப் பாடிப் பாருங்கள். திறந்த பக்கத்து ஒலி கசியாமல் அந்தப் பக்க ஹெட்போனைத் தலையோடு அழுத்தி வைக்கவும், ஏனென்றால் மைக்கில் டிராக்கோ தம்புராவோ கலந்தால் மென்பொருளுக்கு எது குரல் என்று குழப்பம் வரும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாகக் கேட்டால் பதிவு மென்பொருளின் பஃபர் அளவை (ஒலியை ஒரு முறைக்கு எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புவது என்ற அமைப்பு) 128-க்கோ 64-க்கோ இறக்குங்கள். ஒவ்வொரு சரணத்தையும் மூன்று நான்கு டேக் (ஒரு முறை பாடிய பதிவு) பாடி நல்லதைச் சேர்த்தெடுத்தால் திருத்த வேண்டிய இடங்கள் பெருமளவு குறைந்துவிடும்.

வரிசையும் முக்கியம். சுருதித் திருத்தம் முதலில், எதுவும் சேர்க்காத வெறும் குரலில். அதற்குப் பிறகு ஈக்யூ, கம்ப்ரெஸர், 'ஸ' 'ஷ' சீறலை அடக்கும் டீ-எஸ்ஸர், கடைசியில் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப். ரிவெர்ப் போட்ட குரலைத் திருத்தச் சொன்னால் முந்தைய ஸ்வரத்தின் எதிரொலியும் சேர்ந்து இழுபடும்.

ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் கருத்து. டேப் காலத்திலேயே பல டேக்குகளை வெட்டி ஒட்டித்தான் பாட்டை முடித்தார்கள். சுருதியை மாற்றித் தரும் ஈவென்டைட் ஹார்மனைசர் 1970-களிலேயே ஸ்டுடியோக்களுக்கு வந்துவிட்டது. எதிர்ப்பும் இருந்தது: ராப் பாடகர் ஜே-ஸீ 2009-இல் ஆட்டோ-டியூனுக்குச் சாவு மணி அடித்து ஒரு பாட்டே வெளியிட்டார். ஆனாலும் 2023-இல் ஹில்டபிராண்டுக்குத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. கருவியில் தவறில்லை, அதை மறைத்துச் சொல்வதில்தான் தவறு. 'திருத்தம் இல்லாத நேரடிப் பதிவு' என்று எழுதிவிட்டு மெலோடைன் போடுவது பொய். போட்டிக்கோ கச்சேரி வாய்ப்புக்கோ குரல் மாதிரி அனுப்பும்போது திருத்திய பதிவை அனுப்பக்கூடாது. அங்கே கேட்பது உங்கள் குரலை. மற்றபடி நன்றாகப் பாடிய ஒரு பல்லவியில் ஒரே ஒரு கார்வை தொங்கியது என்பதற்காக அந்த டேக்கையே தூக்கிப் போடுவதைவிட, அதைச் சரிசெய்து வைத்துக்கொள்வது நல்ல காரியம்தான்.

மிக்ஸிங் செய்பவரிடமே வேலையைக் கொடுப்பதாக இருந்தால், ப்ளக்-இன் எதுவும் இல்லாத வெறும் குரல் கோப்பை அனுப்புங்கள். கூடவே பாட்டின் கட்டை, ராகம், வரும் ஸ்வரங்கள், திருத்த வேண்டிய இடங்களின் நிமிடம், நொடி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். 'இந்த இடங்களில் கார்வையின் முடிவு மட்டும், கையால். தானியங்கி வேண்டாம். அனுபல்லவியைத் தொட வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். திருத்திய குரல் டிராக்கைத் தனியாகவும் கேட்டு வாங்குங்கள். இசையோடு கலந்த பிறகு உடைந்த கமகத்தைக் கண்டுபிடிப்பது கடினம். தனியாக ஹெட்போனில் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.