21 நிறைவதற்குள்

கேள்வி: நான்கு வயதில் பெற்றோருடன் ஆசிரமத்துக்குள் போனேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. விடிகாலை மூன்றரைக்கு மணி அடிப்பார்கள். அம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிட்டால் ஒரு நாள் முழுக்க மௌனம். என் அம்மாயி எனக்கு உயில் எழுதிவைத்த 1 ஏக்கர் 40 சென்ட் தோப்பை, எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டு ஆசிரம டிரஸ்டுக்குத் தானம் கொடுத்துவிட்டார். தோப்பு திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் ஒன்பது பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரு வரி: ‘இப்போது 20 வயது 3 மாதம்.’ மற்றதெல்லாம் நடந்திருக்கும், நம்புகிறேன். தோப்பு வழக்கில் அதற்கு இடமில்லை. பிராதில் எழுதினால் வாதம் அங்கேயே போய் நின்றுவிடும்.

மைனரின் சொத்தை, அப்பாவே ஆனாலும், கோர்ட் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது. 1956-ம் வருஷ இந்து மைனர், கார்டியன் சட்டம், 8-வது பிரிவு. அனுமதி வாங்கியதாக ஆதாரத்தில், அதாவது தானப் பத்திரத்தில், ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அது தானாக ரத்தாகாது. 18 நிறைந்து மூன்று வருஷத்துக்குள் நீங்கள் வழக்குப் போட வேண்டும். அப்பீல் என்றால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம், அசல் வழக்கில் அந்தச் சலுகை கிடையாது.

கடிதத்தோடு வைத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்தீர்களா? உள்ளே வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் குருஜெயந்தியையே பிறந்தநாளாகப் போட்டார்கள் என்று நீங்களே ஏழாம் பக்கத்தில் சொல்கிறீர்கள். அந்தத் தேதிப்படி உங்களுக்கு 20 வயது 10 மாதம். கையில் ஒன்பது மாதம் இருப்பதாக நினைக்கிறீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு என்பார். பிறந்த ஊர் நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்; குறுகிய கெடுவுக்குள் வழக்கு தாக்கலாகிவிட வேண்டும்.

இந்த மாதிரி இடங்கள் முறைப்பதில்லை, அன்பாகப் பேசும். என்னிடம் வந்த ஒரு பையனை மூன்று தடவை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டுச் சாப்பாடு போட்டு, ‘உற்சவம் முடியட்டும் மோனே’ என்று அனுப்பினார்கள். கெடு தாண்டிப் பத்தொன்பதாம் நாள் என் வாசலில் நின்றான். மத்தியஸ்தம் பேசிய பெரியவர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

18 நிறைந்த அன்று மலையாளத்தில் ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். தானத்தை ஒப்புக்கொண்டதாக அதில் ஒரு வரி இருந்தால் பெரிய சிக்கல். படிக்கத் தெரியாமல் போட்டேன் என்று சொல்லவும் வழியில்லை, அதே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மலையாளத்துக்கு ஏ பிளஸ் வாங்கியிருக்கிறீர்கள். இனி எதிலும் கையெழுத்து வேண்டாம்.

வழக்குப் போட்ட பிறகு சமாதானத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். போர்வெல் உள்ள ரோட்டோரப் பாதியை, 70 சென்ட், ரிஜிஸ்டர் செய்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்; நான் வாங்கிக்கொள்ளத்தான் சொல்வேன். செலவுக்குப் பணமில்லை என்றால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்ட சேவைக் கமிட்டியில் கேளுங்கள்.

அப்பா பெயர் வழக்கில் வரக் கூடாது என்கிறீர்கள். ஆதாரத்தில் இருப்பது அவர் கையெழுத்து. வரும்.