வாசகர் கேள்வி – பதில்: நாபா பள்ளத்தாக்கில் கூடாரம் அடிக்கலாமா?

கேள்வி: வரும் ஜூன் விடுமுறையில் கணவர், இரண்டு பிள்ளைகள், அறுபத்தெட்டு வயதான மாமியார் ஆகியோருடன் சான் ஃபிரான்சிஸ்கோ செல்லத் திட்டமிடுகிறோம். அங்கிருந்து, திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்ற நாபா பள்ளத்தாக்கில் உள்ள போத்தி-நாபா மாநிலப் பூங்காவில் இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்கிறார் கணவர். இங்கே சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் ஓர் இரவு தங்கியதைத் தவிர எங்களுக்கு வேறு அனுபவம் கிடையாது. வீட்டில் யாரும் மது அருந்துவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இது சரிவருமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: சரிவரும். ஆனால் மாமியாரைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். அந்தப் பூங்காவில் கூடாரம் அடிக்கும் இடங்களோடு, மரத்தளத்தின் மீது கெட்டித் துணியால் அமைத்த, ‘யுர்ட்’ எனப்படும் வட்டமான குடில்களும் சிறிய மர வீடுகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் பெரியவருக்குப் படுக்கையும் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் காட்டில் தங்கிய மகிழ்ச்சியும் கிடைக்கும். போர்வை, தலையணை உறை ஆகியவற்றை நாமே கொண்டு செல்வது நல்லது.

பாசிர் ரிஸ் அனுபவம் அங்கே பாதிதான் உதவும். நம் ஊரில் கூடாரத்துக்குள் நம்மை வாட்டுவது வெக்கையும் கொசுவும். நள்ளிரவிலும் வெப்பநிலை 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. நாபாவிலோ ஜூன் மாதப் பகலில் 30 டிகிரியைத் தாண்டும் வெயில், விடியற்காலையில் 10 அல்லது 12 டிகிரிக்கு இறங்கிவிடும். பகல் வெயிலை நம்பி அரைக்கைச் சட்டைகளோடு போனவர்கள் இரவு முழுவதும் காருக்குள் உட்கார்ந்து வெப்பக் காற்றைப் போட்டுக்கொண்ட கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கம்பளிச் சட்டை, காலுறை, குளிருக்கேற்ற தூங்குபை, தரைக்குளிரைத் தடுக்கும் விரிப்பு ஆகியவற்றுக்குப் பெட்டியில் இடம் ஒதுக்குங்கள். மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை பெய்வது அரிது.

இடம் பிடிப்பதில்தான் சாமர்த்தியம் வேண்டும். கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். கோடைக்கால வார இறுதிகள் விரைவில் நிரம்பிவிடும். ஜூன் 10 அன்று தங்க வேண்டுமானால் டிசம்பர் 10 அன்று, அவர்கள் நேரப்படி காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். அது நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி என்பதால், பிள்ளைகள் உறங்கிய பிறகு கணினியின் முன் அமர்ந்துகொள்ளலாம். நம் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதிச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. அங்கே ஒவ்வோர் இரவுக்கும் கட்டணம் உண்டு. ஓர் இடத்தில் எட்டுப் பேர் வரை தங்கலாம்.

விமானத்திலிருந்து இறங்கிய கையோடு பூங்காவுக்குப் புறப்படாதீர்கள். இடைநிற்காத விமானத்தில் சென்றாலும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன்பின் சாலையின் வலப்பக்கமாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓட்டுவது, இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்குக் கண்ணைக் கட்டிக் கிணற்றில் இறங்குவது போன்றது. முதல் இரவை நகரத்தில் கழித்துவிட்டு மறுநாள் காலையில் கிளம்புங்கள். பூங்கா செயின்ட் ஹெலினாவுக்கும் கலிஸ்டோகாவுக்கும் இடையே 29ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது.

மது அருந்தாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்ற ஐயம் உங்கள் கடிதத்தில் மறைந்திருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் பள்ளத்தாக்கின் சிறந்த பகுதி கோப்பைக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கே ‘ரெட்வுட்’ என்னும் நெடிதுயர்ந்த ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. செம்மரம் என்று நாம் சொல்லும் செஞ்சந்தன மரம் வேறு, இது வேறு. ரெட்வுட் கடலோரப் பனிமூட்டத்தை நம்பி வளர்வது. மூடுபனி ஊசியிலைகளில் படிந்து துளித்துளியாக வேருக்கு இறங்குவதால்தான் மழையில்லாத கோடையையும் அது தாங்குகிறது. கடலை விட்டு இவ்வளவு உள்ளே தள்ளி அந்த மரங்களைப் பார்ப்பது அரிது. பூங்காவுக்குள் ரிச்சி ஓடை ஓடும் குளிர்ந்த பள்ளத்தில் அவை தஞ்சம் புகுந்ததுபோல் நிற்கின்றன. சில நூறு மீட்டர் மேலே ஏறினால் வெயிலில் காய்ந்த புதர்க்காடுதான். புக்கிட் தீமா காட்டில் சில்வண்டின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மரங்களுக்கு அடியில் உள்ள அமைதி முதலில் சற்று அச்சத்தையே தரும்.

பூங்காவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால் 1846இல் எட்வர்டு பேல் என்பவர் கட்டிய மாவு ஆலையைக் காணலாம். அதன் நீர்ச்சக்கரத்தின் விட்டம் 36 அடி. தண்ணீரின் எடை சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் கல்லைச் சுழற்ற, தானியம் மாவாகிறது. திருகைக் கல்லை நினைவில் வைத்திருக்கும் உங்கள் மாமியார் பேரப்பிள்ளைகளுக்கு அதை விளக்கட்டும். நடக்க இயலாவிட்டால் ஆலைக்குக் காரிலும் செல்லலாம்.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வதால், பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டு செல்லத் தடை உண்டு. சுங்கத்தில் அறிவிக்காமல் சிக்கினால் அபராதமும் உண்டு. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியும் விமானத்தில் ஏறாது. இரண்டையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உள்ள ஃபிரீமாண்ட், சன்னிவேல் பகுதிகளின் இந்திய மளிகைக் கடைகளில் தேங்காய்த் துருவல் வரை கிடைக்கும்.

கேள்வி: திராட்சை அறுவடையைப் பார்க்க ஆசைப்பட்டு, செப்டம்பர் பள்ளி விடுமுறையிலோ அக்டோபரிலோ அங்கே முகாமிட நினைக்கிறேன். காட்டுத்தீ அபாயம் உண்மையிலேயே பெரியதா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: பெரியதுதான். அறுவடைக் காலமும் தீக்காலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மாதக்கணக்கில் மழை காணாத புல்லும் புதரும் காய்ந்து கிடக்கும்போது, இலையுதிர் காலத்தில் நிலப்பகுதியிலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று வேகமாக வீசும். ஒரு பொறி போதும். 2017 அக்டோபர் 8ஆம் தேதி இரவு கலிஸ்டோகாவுக்கு அருகில் தொடங்கிய டப்ஸ் தீ, பொழுது விடிவதற்குள் சான்டா ரோசா நகருக்குள்ளேயே நுழைந்துவிட்டது; 22 பேர் உயிரிழந்தனர். 2020 செப்டம்பர் 27 அன்று மூண்ட கிளாஸ் தீ, போத்தி-நாபா பூங்காவின் ஒரு பகுதியையும், மலைக்கு அப்பால் சோனோமாப் பக்கத்தில் உள்ள ஷுகர்லோஃப் ரிட்ஜ் மாநிலப் பூங்காவின் சில பகுதிகளையும் எரித்தது. தடித்த பட்டையும், அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்பும் ரெட்வுட் மரங்களுக்கு உண்டு. கூடாரத்துக்கு அது கிடையாது.

அறுவடையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் பகலில் தோட்டங்களைச் சுற்றிவிட்டு இரவில் ஊருக்குள் தங்குங்கள். காட்டில்தான் தங்குவேன் என்றால், காட்டுத்தீ அபாயம் மிகுந்திருப்பதை அறிவிக்கும் ‘சிவப்புக் கொடி’ எச்சரிக்கை வந்த நாளில் முன்பணத்தைப் பற்றி யோசிக்காமல் கிளம்பிவிடும் மனம் வேண்டும். அத்தகைய நாள்களில் விறகுத் தீ மூட்டவும் தடை விதிப்பார்கள். புகைமூட்டத்தை நாமும் பார்த்தவர்கள்தாம். ஆனால் நமக்கு வந்தது அண்டை நாட்டுப் புகை, அங்கே நெருப்பே பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: அந்தக் காடுகளில் தொட்டாலே கொப்புளம் வரும் செடி இருப்பதாகச் சொல்கிறார்களே?
– வாசகர், ஈசூன்

பதில்: ‘பாய்சன் ஓக்’ என்பது அதன் பெயர். ஒரு காம்பில் மூன்று இலைகள். கோடை முற்றும்போது சிவந்து, பார்க்க அழகாகவே இருக்கும். ஊரில் சேங்கொட்டைப் பால் பட்டுப் புண்ணானவர்களையும், மாங்காய்ப் பாலில் உதடு வெந்தவர்களையும் நமக்குத் தெரியும். நம் காப்புக்காடுகளில் உள்ள ரெங்காஸ் மரமும் அப்படித்தான். இவையெல்லாம் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், மாம்பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். முழுக்கால்சட்டை அணிந்து, பாதையை விட்டு விலகாமல் நடந்தால் போதும். தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் எண்ணெய் துணியிலும் காலணியிலும் நாள்கணக்கில் ஒட்டியிருக்கும். ஆகவே அந்த உடைகளைத் தனிப் பையில் கட்டி, ஊர் திரும்பியதும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள்.