சுவருக்குப் புடவை கட்டினால் சுரம் போகுமா?

கேள்வி: எங்கள் வீடு 1986-ல் கட்டியது. மொசைக் தரை பழுப்பேறிவிட்டது. ஹால் சுவர் அடியில் இரண்டடி உயரத்துக்குப் பொரிந்து கொட்டுகிறது. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. தரைக்கு டைல்ஸ், சுவருக்கு பேனல், வேலை முடிந்தது என்கிறார் என் கணவர். சரிதானா அக்கா? – வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் கணவர் சொன்னதைத்தான் 2013-ல் நான் செய்தேன். தஞ்சாவூர் கரந்தையில் என் மாமனார் கட்டிய வீடு. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், இருபது நாள்தான் இருந்தது. ஓதம் ஏறிய சுவரை மறைத்து, மரச்சட்டம் அடித்து, தேக்கு நிறத்தில் பிளைவுட் பேனல் வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். என் மாமியார் மட்டும், "சுவருக்குப் புடவை கட்டினா சுரம் போயிடுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டே வருடம். பெருக்கும்போது துடைப்பக்கட்டை இடித்த இடத்தில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பேனலை எடுத்துப் பார்த்தால், சட்டம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. சுவர் முழுக்கக் கரையான் புற்று, ஆறும் கிளையாறுமாக. ஈரமும் மரமும் இருட்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் கரையானுக்கு வேறு என்ன வேண்டும்? முப்பத்தெட்டாயிரம் ரூபாய் குப்பைக்குப் போனது. அதனால் பேனலை மறந்துவிடுங்கள்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை. சுவர் ஈரம் என்றால் அதற்குப் பின்னால் குளியலறையோ தண்ணீர்க் குழாயோ போகிறதா, வெளியே மண்மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தெருவில் சாலை போட்டுப் போட்டு வீடுகளெல்லாம் பள்ளமாகிவிட்ட கதை நம் ஊர்களில் பழசு.

காரணத்தைச் சரிசெய்த பிறகு, ஈரம் ஏறிய கோட்டுக்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய சித்திரை, வைகாசி வெயில் முழுக்கக் காயவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, வருகிறவர்களிடம் வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்தபின் நீர்க்காப்பு மருந்து கலந்த சிமென்ட் பூச்சு. உடனே பட்டி பார்த்து பெயின்ட் அடிக்காதீர்கள், கொப்பளிக்கும். நாங்கள் அந்தச் சுவருக்கு ஒரு வருடம் வெறும் சுண்ணாம்புதான் அடித்து வைத்திருந்தோம். சுவர் மூச்சுவிட அது நல்லது.

அடுத்தது வயரிங். 1986-ல் போட்ட வயர் ஃபேனுக்கும் டியூப்லைட்டுக்கும் போட்டது. இன்று கீசர், ஃபிரிட்ஜ், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து, ஏ.சி., கீசருக்குத் தனி லைன், வீடு முழுமைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு) ஒன்று, எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு சோதனை, இவற்றைக் கேளுங்கள். இதைப் பெயின்ட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டும். புதுப் பெயின்ட் அடித்த சுவரில் காடி வெட்டுகிற சத்தம் இருக்கிறதே, அது நெஞ்சிலேயே வெட்டுவதுபோல இருக்கும். எனக்குத் தெரியும்.

டைல்ஸ் வேண்டவே வேண்டாம். மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் தரைமட்டம் உயர்ந்து எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டிவரும். உங்கள் மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லு. மெஷின் வைத்து மேல்தோலைத் தேய்த்து எடுத்து, ஆக்ஸாலிக் பவுடர் போட்டு பாலிஷ் செய்தால் உள்ளே இருக்கிற புதுத்தரை வெளியே வந்துவிடும். டைல்ஸ் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். தேய்க்கும்போது சேறு நாலாபக்கமும் தெறிக்கும், பீரோவையெல்லாம் முன்னாடியே நகர்த்திவிடுங்கள். இந்த வருடம் சுவரும் வயரிங்கும் மட்டும். பாலிஷ் அடுத்த வருடம். ஒன்றரை லட்சத்தில் மீதி இருந்தால் வங்கியிலேயே இருக்கட்டும், பழைய வீட்டைக் கொத்தினால் உள்ளே என்ன கிளம்பும் என்று யாருக்குத் தெரியும்!

கேள்வி: சமையல் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள் திறந்தபடி கிடக்கின்றன. மாடுலர் கிச்சனுக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். குறைவாக ஏதாவது வழி உண்டா? – வாசகி, விழுப்புரம்

பதில்: கல்லை உடைக்க விடாதீர்கள். கடப்பா கல்லைக் கரையான் தின்னாது, தண்ணீர் பட்டால் உப்பாது. அந்தத் தட்டுகள் அப்படியே இருக்கட்டும், முன்னால் சட்டமும் கதவும் மட்டும் போடச் சொல்லுங்கள். சிங்க் அடியில் மட்டும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட், மற்ற இடத்துக்கு ஐ.எஸ். 303 முத்திரை உள்ள சாதாரண ரகம் போதும். ஆசைக்கு அடுப்புப் பக்கத்தில் இரண்டு இழுப்பறை வைத்துக்கொள்ளுங்கள், கரண்டிக்கும் மசாலா டப்பாவுக்கும். சிலிண்டர் இருக்கிற அறைக்குக் கதவு போட்டால், கதவின் அடிப்பக்கம் ஓட்டைகள் கட்டாயம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். எங்கள் தச்சர் அழகுக்காக மேலே பூவேலை செய்து ஓட்டை போட்டிருந்தார். கீழே திரும்பப் போடவைத்தேன்.

கேள்வி: 10-க்கு 12 அறைக்குப் பெயின்ட் அடிக்க 900 சதுர அடி என்று கணக்குச் சொல்கிறார்கள். நம்பலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: டேப்பை எடுங்கள் அண்ணாச்சி. நீள அகலம் நான்கு பக்கமும் கூட்டினால் 44 அடி. உயரம் 10 என்றால் சுவர் 440. மேல்தளம் 120. ஆக 560. இதில் கதவு, ஜன்னலைக் கழிக்க வேண்டும். பரண், அலமாரி உட்பக்கம் இருந்தால் அதைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படியும் 900 வருகிறதா என்று அவரையே உங்கள் எதிரில் கூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மாமியாரின் பழைய இரும்பு பீரோ ஹாலின் அழகையே கெடுக்கிறது. என்ன செய்ய? – பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பட்டறைக்கு அனுப்பி, துரு தேய்த்து, அவருக்குப் பிடித்த நிறத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக் கொடுங்கள். உங்களுக்குப் பிடித்த நிறத்தில் இல்லை. அப்புறம் அதை அவர் அறைக்கு நகர்த்தலாமா என்று கேட்டுப்பாருங்கள். எங்கள் வீட்டில் பலித்தது.

கேள்வி: ஆடியில் வேலை தொடங்கலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆட்களும் சுலபமாகக் கிடைப்பார்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்களே. நான் ஆடித் தள்ளுபடியில் சுவிட்சு, குழாய், ஃபேன் எல்லாம் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவைத்துவிட்டு, ஆவணி பிறந்ததும் கொத்தனாரைக் கூப்பிடுவேன்.