ஏ.எல்.எஸ்: குரல் தளர்ந்த பிறகும் பேச்சு தொடர – வாசகர் கேள்விகளும் பதில்களும்

அப்பாவுக்கு ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்). நாக்கு குழற ஆரம்பித்திருக்கிறது. சொல்வது இன்னும் புரிகிறது. கருவி மூலம் பேசுவது பற்றி இப்போதே பேச்செடுத்தால் மனம் உடைந்துவிடுவாரோ என்று தள்ளிப்போடுகிறோம். சரியா?

தள்ளிப்போடாதீர்கள். பேச்சு புரியாமல் போவதற்கு முன்பே அதன் வேகம் குறையும். ஒரே பத்தியை மாதம் ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, நிமிடத்துக்கு எத்தனை சொல் வருகிறது என்று எழுதிவையுங்கள். ஆங்கிலம் பேசுபவர்களில் சுமார் 190 சொல்லிலிருந்து 125-க்கு இறங்கினால் மாற்று வழிக்கு ஏற்பாடு செய்யும் நேரம் வந்துவிட்டது என்பது பேச்சு சிகிச்சையாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்த எண் நமக்கு அப்படியே பொருந்தாது. அவருடைய வழக்கமான வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அதையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

குரல் பதிவை மட்டும் இந்த வாரமே தொடங்குங்கள். பதிவு செய்த வாக்கியங்களிலிருந்து கணினி செயற்கைக் குரலை உருவாக்குவது ஒரு வகை. இதில் குழறிய பதிவைக் கொடுத்தால் குழறலும் சேர்ந்து வரலாம். தமிழுக்குக் கிடைக்குமா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் சொல்வதை அப்படியே பதிந்து, பின்னாளில் ஒரு பொத்தானில் வைப்பது இன்னொரு வகை. இதற்கு மொழித் தடை கிடையாது, கொஞ்சம் குழறினாலும் பாதகமில்லை. காலையில், களைப்பு வருமுன், மின்விசிறியை அணைத்துவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். ஒவ்வொரு தொடரையும் தனிக் கோப்பாகச் சேமித்து, அதில் உள்ள சொற்களையே கோப்பின் பெயராக வையுங்கள். ‘தண்ணீர் வேண்டும்’ என்பதை எந்த இயந்திரக் குரலும் சொல்லிவிடும். பேத்தியைக் கூப்பிடும் செல்லப்பெயர், ‘அட, விடும்மா’ என்ற சலிப்பு, அவருடைய சிரிப்பு, இவற்றை அவர்தான் சொல்ல முடியும். அவற்றை முதலில் பதியுங்கள்.

என் கணவர் கண்ணால் இயக்கும் கருவியில் தட்டச்சு செய்கிறார். நேற்று நன்றாக வேலை செய்தது, இன்று வேறு எழுத்தில் போய் நிற்கிறது. தினமும் பலமுறை கேலிபரேஷன் (திரையில் வரும் புள்ளிகளைப் பார்க்க வைத்துக் கருவியை அவர் கண்ணுக்குப் பழக்குவது) செய்கிறோம்.

கேலிபரேஷனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கருவி அகச்சிவப்பு ஒளியைக் கண்மீது பாய்ச்சி, பாவையின் (கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) மையத்தையும் கருவிழிமேல் விழும் ஒளிப்புள்ளியையும் கேமராவால் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்திலிருந்துதான் பார்வை விழும் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்த இரண்டில் ஒன்று மறைந்தாலும் கலங்கினாலும் எத்தனை முறை கேலிபரேஷன் செய்தாலும் தவறுதான் பதியும்.

முதலில் இருப்பிடம். கண்ணுக்கும் திரைக்கும் சுமார் 60 செ.மீ. இருக்க வேண்டும், திரை முகத்துக்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் திரையை நிமிர்ந்தபடியே விடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. சரியாக அமைந்த ஒரு நாளில் தாங்கியின் ஒவ்வொரு மூட்டிலும், தலையணை இருக்கும் இடத்திலும் வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு யார் நகர்த்தினாலும் அதே இடத்துக்குக் கொண்டுவரலாம்.

அடுத்து வெளிச்சம். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. ஜன்னலிலிருந்து முகத்தில் நேராகவோ பக்கவாட்டிலோ வெயில் விழுந்தால் கேமரா குழம்பும். காலையில் சரியாக இருந்து மாலையில் கெட்டால் திரைச்சீலையை இழுத்துப் பாருங்கள்.

பிறகு கண். முகத் தசை தளரும்போது இமைப்பது குறைந்து கண் வறளும். சொட்டு மருந்து விட்டுச் சில நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். களிம்பு பார்வையை மங்கச் செய்யும், அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மேல் இமை தொங்கிப் பாவையை மூடினால் திரையைச் சற்று உயர்த்துங்கள். புரோகிரசிவ் கண்ணாடி (மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே போவது) போட்டிருந்தால், திரைத் தூரத்துக்கென்றே ஒரே பவர் கொண்ட கண்ணாடி வாங்குவது நல்லது. மூச்சுக் கருவியின் மாஸ்க் கன்னத்தை மேலே தள்ளிக் கண்ணை இடுக்குகிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தவறினால் கேலிபரேஷன் செய்யுங்கள்: 9 புள்ளிக்குப் பதில் 5, தேவைப்பட்டால் நன்றாக அசையும் ஒரு கண் மட்டும். ஓர் எழுத்து தேர்வாக அதன்மேல் பார்வை தங்க வேண்டிய நேரத்தை 1 விநாடியில் தொடங்கி, வேண்டாதது தானாகத் தேர்வானால் கூட்டுங்கள். திரையில் எதையும் தேர்வு செய்யாத ஒரு வெற்றுக் கட்டம் கட்டாயம் இருக்கட்டும். பார்க்கும் இடமெல்லாம் கட்டளையாகிற திரையில் கண்ணுக்கு ஓய்வே கிடையாது.

ஐபேடிலேயே கண்ணசைவு வசதி வந்துவிட்டதாமே. தனிக் கருவி வேண்டுமா?

ஆப்பிள் 2024-இல் ஐபேடிலும் ஐபோனிலும் அதைச் சேர்த்தது. சாதாரண முன்கேமராவை வைத்து இயங்குகிறது. நான்கைந்து பெரிய பொத்தான்கள் என்றால் பயன்படலாம். நாள் முழுக்கத் தட்டச்சு செய்ய அகச்சிவப்புக் கருவியின் துல்லியம் வேண்டும். விண்டோஸ் கணினி இருந்தால் கண்ணால் தட்டச்சு செய்ய உதவும் ஆப்டிகீ என்ற இலவச மென்பொருளையும் கண் கருவியோடு முயன்று பார்க்கலாம்.

மின்சாரம் போனால் அம்மாவோடு பேச வழியில்லை. ஆங்கில எழுத்துப் பலகைதான் எங்கும் கிடைக்கிறது. தமிழில் 247 எழுத்துக்கு என்ன செய்வது?

247-உம் தேவையில்லை. 12 உயிரும் 18 மெய்யும் போதும். அம்மா பள்ளியில் படித்த பிரிவுகளையே வரிசையாக்குங்கள்:

வல்லினம்: க ச ட த ப ற
மெல்லினம்: ங ஞ ண ந ம ன
இடையினம்: ய ர ல வ ழ ள
குறில்: அ இ உ எ ஒ
நெடில்: ஆ ஈ ஊ ஏ ஐ ஓ ஔ
ஆறாவது வரிசை: சொல் முடிந்தது, தவறு, முதலிலிருந்து, ஜ ஷ ஸ ஹ

நீங்கள் ‘வல்லினமா? மெல்லினமா?’ என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போங்கள். வேண்டிய வரிசை வந்ததும் அம்மா கண்ணை மேலே தூக்குவார். அந்த வரிசையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், மறுபடி தூக்குவார். ‘வலி’ என்றால் வ, ல, இ: மூன்று தேர்வு. ‘தலையணை’ என்றால் த, ல, ஐ, ய, ண, ஐ. புள்ளிக்குத் தனித் தேர்வு வேண்டாம். த, ண, ஈ, ர வந்தாலே தண்ணீர் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தையும் தாளில் எழுதுங்கள், மனதில் வைத்தால் நான்காவது எழுத்தில் தொலைந்துவிடும். பாதியில் ஊகித்துச் சொல்லலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது உதவி, சிலருக்குப் பேச்சைப் பிடுங்குவது போல.

‘ஆம்’ என்பதற்குக் கண்சிமிட்டலை வைக்காதீர்கள், அது தானாகவும் நடக்கும். மேலே பார்த்தால் ஆம், கண்ணை மூடி இரண்டு எண்ணும்வரை வைத்திருந்தால் இல்லை என்று எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள். புதிதாக வரும் செவிலியருக்கும் அது தெரிய வேண்டும். வரிசைகள் மனப்பாடமாகிவிட்டால் இருட்டிலும் டார்ச் வெளிச்சம் கண்மேல் பட்டால் போதும், பலகையே வேண்டாம்.

அண்ணனுக்கு விரல் நுனி மட்டும் அசைகிறது. ஒற்றை சுவிட்ச் வைத்தோம்: திரையில் எழுத்துக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டியது ஒளிரும்போது அழுத்த வேண்டும். கட்டம் தாண்டிய பிறகே அழுத்துகிறார்.

கட்டம் விட்டுக் கட்டம் ஒளி நகரும் வேகம் (ஸ்கேன் வேகம்) அவருக்குப் பொருந்தவில்லை. அவர் அழுத்த எடுக்கும் சராசரி நேரத்தைப் பத்துமுறை அளந்து 0.65-ஆல் வகுங்கள். 0.8 விநாடி என்றால் ஒவ்வொரு கட்டமும் சுமார் 1.2 விநாடி நிற்க வேண்டும். முதல் கட்டத்துக்கு மட்டும் கூடுதல் தாமதம் கொடுங்கள். விரலும் தளர்ந்தால் கன்னம், புருவம் என இடம் மாற்றலாம். ஸ்டீபன் ஹாக்கிங் பிற்காலத்தில் மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரியைக் கன்ன அசைவால் இயக்கித்தான் பேசினார். அவருக்காக இன்டெல் உருவாக்கிய ஏகேட் மென்பொருள் 2015-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது.

கண்ணும் நின்றுவிட்டால்? மூளையில் சிப் வைப்பதாகப் படிக்கிறோம்.

பெரும்பாலானவர்களுக்குக் கண் தசைகள் வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருப்பவர்களில் சிலருக்கு அவையும் தளர்வதுண்டு. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணும் அசையாத நிலையிலிருந்த ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவர் மூளையில் பதித்த மின்முனைகள் மூலம், ஒலியைக் கேட்டபடி, நிமிடத்துக்குச் சுமார் ஓர் எழுத்து என்ற வேகத்தில் வாக்கியங்கள் அமைத்தார். பேச முயல்வதையே சொற்களாக்கும் ஆய்வுகள் அதைவிடப் பலமடங்கு வேகமானவை. அவற்றில் பங்கேற்றவர்களுக்கு வாயசைவு ஓரளவு மிச்சமிருந்தது. எல்லாமே இன்னும் ஆய்வுக் கட்டம்தான். தலைக்கு மாட்டும் தொப்பியால் இதே நிலையில் பதில் வாங்கியதாக 2017-இல் வந்த கட்டுரை, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இரவில் எங்களை எப்படிக் கூப்பிடுவார்?

இதை முதல் கேள்வியாகவே கேட்டிருக்கலாம். சளி அடைத்தாலோ மாஸ்க் நழுவினாலோ கூப்பிட ஒரு வழி வேண்டும். திரையை அணைத்த பிறகு கண் கருவி உதவாது. மிச்சமிருக்கும் மிக உறுதியான அசைவில் ஒரு மென்தொடு சுவிட்சைப் பொருத்தி, மற்ற கருவிகளோடு இணைக்காமல், பேட்டரியில் ஓடும் மணிக்குக் கொடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் இடம் மாறும். அதனால் விளக்கை அணைக்குமுன் அவரை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். மணி அடித்த பிறகு படுக்கப் போங்கள்.