காசுப்பெட்டி கடையில் வேண்டாம்

கேள்வி: நான் ஒட்டுசுட்டான் பகுதியைச் சேர்ந்தவள். பனையோலையில் பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி, பாய் ஆகியவற்றை இழைத்துத் திருவிழாக்களிலும் கண்காட்சிகளிலும் கடை போட்டு விற்கிறேன். சென்ற வைகாசியில் ஒரு கோயில் பொங்கலின்போது, இருவர் விலை பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் மேசைக்குக் கீழே இருந்த காசுப்பெட்டி காணாமற்போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போக எண்ணியிருக்கிறேன். 16 வயது மகளைத் துணைக்கு அழைத்துச் சென்று, இரவில் கடையிலேயே படுக்க வேண்டிவரும். போகலாமா, விடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஓலை வார்ந்து, சாயம் காய்ச்சி, விரல் நோக இழைத்துச் சேர்த்த காசு ஒரு நொடியில் போய்விட்டதை வாசித்தபோது மனம் மிகவும் வருந்தியது. இது உங்கள் கவலையீனத்தால் நடந்ததன்று. ஒருவர் விலை கேட்டு உங்கள் கண்ணையும் பேச்சையும் தம்பக்கம் பிடித்து வைத்திருக்க, மற்றவர் மேசைக்குக் கீழே கைவைப்பது, சனம் நெருக்கும் இடங்களில் களவெடுப்போர் நெடுங்காலமாகக் கையாளும் வழி.

ஆகவே, காசுப்பெட்டி என்ற ஒன்றே கடையில் இருக்கக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. காசு உங்கள் உடம்போடு இருக்கட்டும். உள்ளே சட்டையோடு சேர்த்துத் தைத்த, வாய்க்கு ஊசி குத்திய ஒரு துணிப்பையும், சில்லறைக்கு இடுப்பில் ஒரு சிறு பையும் போதும். 5000, 1000 ரூபாய்த் தாள்கள் கைக்கு வந்தவுடனேயே உள்ளே போய்விட வேண்டும். வெளிப்பையில் சிறிய தாள்களும் குற்றிகளும் மட்டும் இருந்தால், அதை இழந்தாலும் ஒருநாள் விற்பனை முழுவதும் போகாது. அன்றைய வரவை எல்லோரும் பார்க்கக் கடையில் வைத்து எண்ணாதீர்கள். இரவு வெளிச்சத்தில் 5000 ரூபாய்த் தாளை நீட்டி அவசரப்படுத்துபவரிடம் நிதானமாக இருங்கள். தாளை ரோர்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அதில் அச்சிட்டிருக்கும் பறவையின் உருவமே நீர்வரி அடையாளமாகத் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால், பொருளைத் திருப்பி வாங்கிக்கொள்வதில் தவறில்லை. லங்கா கியூஆர் மூலம் காசு அனுப்பியதாகச் சொல்பவர் தம் போனில் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த பின்னரே பொருளைக் கொடுங்கள்.

பொருள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் தொழிலுக்கே உரிய களவு ஒன்று உண்டு. மூடியுள்ள பெரிய பெட்டிக்குள் இரண்டு சிறிய பெட்டிகளையோ ஒரு கைப்பையையோ போட்டு மூடிவிட்டு, பெரியதற்கு மட்டும் காசு கொடுத்துப் போவார்கள். அதனால், விற்கும் ஒவ்வொரு பெட்டியையும் நீங்களே கையில் எடுத்து, மூடியைத் திறந்து, “அடி இழைப்பைப் பாருங்கோ” என்று வாங்குபவருக்குக் காட்டிவிட்டுக் கொடுங்கள். அது நல்ல வியாபார முறையுமாகும். நேர்மையாக வந்தவர் மனம் நோகவும் மாட்டார். கடையின் பின்பக்கத் தறப்பாளை வெறுமனே தொங்கவிடாமல், கீழ்விளிம்பை இரண்டு முளைகளில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பாய்ச் சுருள்களைச் சாய்த்து வையுங்கள். பெரும்பாலும் கைகள் நுழைவது அந்த விளிம்புக்குக் கீழாகத்தான்.

பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கண்ணால் காணாததை வைத்து ஒருவர் மீது பழி சொல்ல வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். திருவிழாத் திடலில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய காவல் அயற்கடைக்காரர்தான். கடை போட்டதும் இரு பக்கத்தாரிடமும் பேர் சொல்லிப் பழகி, நீங்கள் தண்ணீருக்கோ மலசலகூடத்துக்கோ போகும்போது அவர்களும், அவர்கள் போகும்போது நீங்களும் பார்த்துக்கொள்வதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

இனி மடுவைப் பற்றி. ஆகஸ்ட் 15 பெருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் சனம் வந்து, கூடாரமடித்துத் தங்கும். உங்கள் பொருளுக்கு அங்கே நல்ல விலை கிடைக்கும் என்பதால் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களும் மகளும் மட்டும் கடையில் படுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதே தொழில் செய்யும் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்து ஒரே கடையாகப் போடுங்கள். ஒருவர் விற்க, ஒருவர் வேறெதையும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். இரவில் குடும்பங்கள் தங்கும் இடத்தில் எல்லோருமாகப் படுத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை உரப்பைகளில் கட்டி, ஒன்றோடொன்று கயிறு கோத்துக் கடையில் விட்டுவிடலாம். அவற்றில் ஒரு மூடை போனாலும் திரும்ப இழைக்கலாம். மகள் வரலாம், ஆனால் காசை அவளிடம் கொடுத்து வைக்கவோ, அவளைத் தனியாகக் கடையில் விடவோ வேண்டாம். யாரேனும் தொந்தரவு செய்தால் 119 இல் பொலிஸாரையும், பெண்களுக்கான உதவிக்கு 1938 ஐயும் அழைக்கலாம் என்பதை அவளுடைய போனிலும் பதிந்து வையுங்கள்.

திரும்பும் பயணத்தில்தான் பலர் அசந்துவிடுகிறார்கள். விற்ற காசோடு வவுனியாவிலோ மாங்குளம் சந்தியிலோ இரவில் பஸ் மாறி நிற்காமல், விடிந்த பின் புறப்படுங்கள். வழியில் காசு வைப்புச் செய்யும் இயந்திரம் உள்ள வங்கிக் கிளை இருந்தால், பெரிய தாள்களை அங்கேயே உங்கள் கணக்கில் போட்டுவிட்டு மிச்சப் பயணத்தைத் தொடருங்கள்.

போன காசைப் பற்றி நீங்கள் பொலிஸில் சொன்னீர்களா என்று எழுதவில்லை. சொல்லாவிட்டால், நாள் கடந்ததே என்று எண்ணாமல், அந்தக் கோயில் இருக்கும் பகுதிக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் பதிவு இலக்கத்தை வாங்கி வாருங்கள். பெட்டி எப்படியிருந்தது, உத்தேசமாக எவ்வளவு காசு, விலை பேசிய இருவரின் தோற்றம் எப்படி என்பவற்றை மறக்குமுன் இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனால், அங்கே கேட்கும்போது தடுமாற மாட்டீர்கள்.